மறையூரிலிருந்து என் வீட்டு நெட்டுக்கு

வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்துக்கு மறையூர் பேருந்து நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தேன். கையில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சேலை, ஜெபப் புத்தகம், தம்பி வீட்டில் கொடுத்த நாலு உருண்டை வெல்லம், என் கைப்பேசி. கைப்பேசிக்குள் நான் அனுப்ப வேண்டிய ஒரு கடிதம் இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்குள் அது போய்ச் சேராவிட்டால் ஒரு பெண்ணுக்கு வீடு இல்லை.

போன வழியை மட்டும் எழுதச் சொன்னால் சந்தோஷமாக எழுதிவிடுவேன். போன காரணத்தையும் எழுத வேண்டியிருப்பதால்தான் கை தயங்குகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். எனக்கு இப்போது அவசரம் எதுவும் இல்லை. அவசரம் இருந்த நாளைத்தான் பாழாக்கியாயிற்று.

நான் சக்குபள்ளத்துக்காரி. கம்பத்தில் பிறந்து, கல்யாணமாகி மலையேறி வந்தவள். ஏலத்தோட்டத்தில் முப்பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். படிப்பு இரண்டாம் வகுப்பு. மிச்ச எழுத்தை ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுப் புத்தகத்தை வைத்து நானே பிடித்துக்கொண்டேன். எந்தத் தாளிலும் இதுவரை பெருவிரல் வைத்ததில்லை, ரோசம்மாள் என்று கையெழுத்துத்தான். மகன் தானியேல் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். அவன்தான் வீட்டுக்கு நெட் இழுத்துக் கொடுத்து, என் போனில் எனக்கென்று ஒரு மெயிலும் திறந்து கொடுத்தான். தமிழில் ஒற்றை விரலால் தட்டி அவனுக்குக் கடிதம் எழுதுவேன். எங்கள் பக்கத்தில் என் வயதுப் பெண்களில் சொந்த மெயில் உள்ளவள் நான் ஒருத்திதான். இதை நான் சொல்லாத ஆள் கிடையாது. ஆனால் போனில் பேசுவதற்கு மட்டும்தான் காசு போடுவேன். வீட்டில் நெட் இருக்கும்போது ரோட்டுக்கு எதற்கு நெட் என்பது என் கணக்கு.

மறையூருக்கு வந்தது தம்பி சேசுராசு வீட்டுப் பிரதிஷ்டைக்கு. கரும்பு போட்டு, வெல்லம் காய்ச்சி, அறுபது வயதுக்கு மேல் அவன் சொந்தமாக ஒரு வீடு கட்டியிருக்கிறான். வியாழக்கிழமை போதகர் வந்து ஜெபம் பண்ணி, பிரியாணி போட்டு, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நான் வாசலில் நின்று நாலு போட்டோ எடுத்து மகனுக்கு மெயிலில் வைத்து, அனுப்பு என்று இருந்த இடத்தில் தட்டினேன். நெட் இல்லாததால் அது போகாமல் நின்றது. ஊருக்குப் போனதும் தானே போய்க்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை திரும்புவதாக ஏற்பாடு.

வெள்ளி காலை ஆறு இருபதுக்குப் புஷ்பம் கூப்பிட்டாள்.

புஷ்பம் எனக்கு அடுத்த வளைவில் இருப்பவள். என்னோடு ஒரே கூட்டத்தில் ஏலக்காய் எடுத்தவள். புருஷன் இல்லை. தோட்டக்காரர்கள் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிப்போட்ட ஒற்றை அறை லைன் வீடுகளில் கடைசி அறையில் மகள் ஸ்டெல்லாவோடு இருக்கிறாள். சுவர் வெடித்து, கூரையில் தார்ப்பாய் போட்டுக் கல் வைத்திருக்கிறாள். வீடு இல்லாதவர்களுக்கு வீடு கொடுக்கும் பட்டியலில் அவள் பெயர் வர வேண்டும் என்றால், இவள் இத்தனை வருடம் இங்கேதான் குடியிருக்கிறாள், வேறு வீடோ நிலமோ இல்லை என்று பக்கத்தில் இருக்கிற இரண்டு பேர் சாட்சி எழுதித் தர வேண்டும். ஒருவர் கொடுத்தாயிற்று. இரண்டாவது நான்.

“அக்கா, அடுத்த வாரம்னு சொன்னாகள்ல, இன்னைக்கு மூணு மணிக்கே முடிக்கிறாகளாம். நீங்க மட்டும்தான் பாக்கி. நேர்ல வந்து குடுக்கணும், இல்லாட்டி ஒங்க மெயில்ல இருந்து வரணுமாம். எம் போன்ல இருந்தோ ஸ்டெல்லா போன்ல இருந்தோ வந்தா சேக்க மாட்டாகளாம். போன தடவ ரெண்டு பேருக்கு அப்படித்தான் தள்ளிப்போச்சாம்.”

“என் மெயில்ல இருந்தே வரும். நீ அழுவாத.”

“நான் எங்க அழுதேன்? அடுப்புப் புகை.”

உடனே ஒரு தாளில் என் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைப் போட்டோ எடுத்து மெயிலில் வைத்து, புஷ்பம் சொன்ன பஞ்சாயத்து ஆபீஸ் மெயில் முகவரியையும் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து வைத்துக்கொண்டேன். பிறகு சேலையை மடித்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தேன்.

தம்பி பெண்டாட்டி ஜெயசீலி காப்பித் தம்ளரோடு வந்து நின்றாள். “மதினி, இதுக்கு எதுக்கு சக்குபள்ளம் வரைக்கும் ஓடுறீக? எங்க வைஃபைய நேத்து சாயங்காலமே ஒங்க போன்ல போட்டு வச்சிட்டேன். இங்கயே ஒக்காந்து ஒரு தட்டு தட்டுங்க, போயிரும்.”

“என்னயக் கேக்காம என் போன்ல எதுக்குப் போட்ட?”

“நீங்க குளிக்கப் போனப்ப போட்டோ பாக்க எடுத்தேன், அப்படியே போட்டேன். என்ன, குடியா முழுகிப் போச்சு?”

“ஒங்க வீட்டு நெட்டுல போனா ஒங்க வீட்டுப் பேருல போகும். சாட்சி சொல்றது நான். கழட்டு அத.”

சேசுராசு இடையில் வந்தான். “அக்கா, பேரு அப்படியெல்லாம் மாறாதுக்கா...”

“நீ மெயில் வச்சிருக்கியா?”

“இல்லக்கா.”

“அப்பப் பேசாத.”

ஜெயசீலி என் போனை வாங்கி இரண்டு தட்டுத் தட்டிக் கழற்றிக் கொடுத்தாள். கொடுக்கும்போதே சொன்னாள்: “எங்க வீட்டுச் சோறு எறங்குது, நெட்டு மட்டும் எறங்க மாட்டேங்குது மதினிக்கு.”

என் புருஷன் இறந்தபோது இதே தம்பி மறையூருக்கே வந்துவிடச் சொன்னான். நான் போகவில்லை. அன்றிலிருந்து அவன் வீட்டில் வாங்கியது இந்த வெல்லம் தவிர வேறில்லை. வெள்ளி காலை நான் சொன்ன காரணத்துக்குப் பின்னால் இந்த ரோஷமும் கொஞ்சம் இருந்தது. அது இப்போது தெரிகிறது.

ஏழு முப்பத்தைந்துக்குப் பேருந்து வந்தது. மூணாறுக்கு நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் அறுபத்திரண்டு ரூபாய். மறையூரைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: நாலு பக்கமும் மலை நின்று மழையைத் தடுத்துக்கொள்ளும் ஒரு பள்ளம் அது. எங்கள் பக்கம் சேறு வழுக்கிக்கொண்டிருக்கும் மாதத்தில் அங்கே புழுதி பறக்கும். ரோட்டோரம் கரும்பு. வயலுக்கு நடுவில் கீற்றுக் கொட்டகைகள், ஒவ்வொன்றிலிருந்தும் புகை. காற்றில் பாகு மணம் வந்துகொண்டே இருக்கும். கரும்பு முடிந்ததும் சந்தனக்காடு. கம்பி வேலிக்குப் பின்னால் மரங்கள் சாதாரணமாக, கொஞ்சம் சோகையாகத்தான் நிற்கின்றன. சந்தனம் என்று எழுதி வைக்காவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

எட்டரைக்குமேல் தேயிலை வந்தது. தேயிலைக்காட்டில் எனக்கு எப்போதும் ஒரு கூச்சம். மறைந்துகொள்ள இடமே இல்லை, இடுப்பளவுதான் செடி. எங்கள் ஏலக்காட்டில் மேலே பெரிய மரம் நின்றால்தான் கீழே செடி நிற்கும். அந்த நிழலிலேயே வயதாகிவிட்டது.

நெட்டைப் பற்றி எனக்கு இப்படி ஒரு எண்ணம் எங்கிருந்து வந்தது என்று இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் தோட்டத்து ஆபீசில் ஒரு தபால் பை தொங்கும். ஊருக்குப் போடுகிற கடிதத்தை அதில்தான் போட வேண்டும். ஆபீஸ் கிளார்க் ஒவ்வொரு உறையின் மேலும் தோட்டத்து முத்திரை குத்தி அனுப்புவார். எங்கள் தோட்டத்துக்கு வட்ட முத்திரை. என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. உறையில் வட்டத்தைப் பார்த்தால் மகள் சௌக்கியம் என்று எடுத்துக்கொள்வாள், பிறகுதான் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்வாள். ஒரு தடவை பக்கத்துத் தோட்டத்தில் என் சின்னம்மா மகளுக்குப் பிரசவம். பத்து நாள் துணைக்கு இருந்தேன். அங்கிருந்தே ஒரு கடிதம் எழுதி அந்தத் தோட்டத்துப் பையில் போட்டேன். அவர்களுக்குச் சதுர முத்திரை. நாலாம் நாள் அப்பா குமுளி வழியாக மலையேறி, துணிமூட்டையும் கையுமாக என் புருஷன் வீட்டு வாசலில் வந்து நின்றார். மகள் வாழ்க்கையை விட்டுவிட்டு வேறு இடத்தில் இருக்கிறாள் என்று அம்மா சதுரத்தைப் பார்த்து முடிவு கட்டிவிட்டாள். உள்ளே எழுதியிருந்ததைப் படிக்கக்கூட ஆள் தேடவில்லை.

என் புருஷன் அதைச் சாகும்வரை சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எந்தப் பையில் போடுகிறோமோ அந்த முத்திரைதான் விழும் என்பது எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. நெட்டும் ஒரு பை என்றுதான் நினைத்தேன். என் வீட்டு நெட்டில் போனால் என் முத்திரை, சேசுராசு வீட்டில் போனால் அவன் முத்திரை. யாரிடமும் கேட்கவில்லை. மெயில் வைத்திருக்கிறவள் நான், நான் யாரிடம் கேட்பது?

ஒன்பது இருபதுக்கு மூணாறு. தூறல். ஒரு டீயும் பன்னும் சேர்த்து முப்பது ரூபாய். ஒன்பது ஐம்பதுக்குக் குமுளிப் பேருந்தில் ஏறினேன். அணக்கரைக்கு நூற்று இருபத்தெட்டு ரூபாய். தொண்ணூறு கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். இரண்டு மணிக்கு அணக்கரை, அங்கிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம், இரண்டே காலுக்கு வீடு, இரண்டு இருபதுக்குக் கடிதம் போய்விடும். இப்படி விரலில் எண்ணிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பக்கத்து இருக்கையில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பெயர் ஷீஜா, மூணாறில் ஏலக்காய், மிளகு விற்கிற கடையில் வேலை, பூப்பாறையில் வீடு, அம்மாவுக்குக் காய்ச்சல் என்று போகிறாள். மலையாளம் கலந்த தமிழில் இதெல்லாம் தேவிகுளம் தாண்டுவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள்.

பத்தே முக்காலுக்கு வண்டி நின்றது. மலையைக் குடைந்து அகலப்படுத்திய கேப் ரோட்டில் இரவு பெய்த மழைக்கு ஒரு பாறை உருண்டு வந்து நடுவில் கிடந்தது. முன்னால் இருபது கார். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் கீழே வெகு தூரத்துக்கு மேகம். சுற்றுலா வந்தவர்கள் இறங்கி மேகத்தோடு படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த மேகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நான் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்ததை ஷீஜா கவனித்திருக்கிறாள். “அம்மச்சி, என்ன இத்ர டென்ஷன்?” என்றாள். விஷயத்தைச் சொன்னேன். கேட்டதும் அவள் முகம் தெளிந்துவிட்டது.

“இதுக்கா அம்மச்சி? என் போன்ல நெட் உண்டு. ஹாட்ஸ்பாட் தர்றேன், இப்பவே அனுப்புங்க.”

“உன் நெட்டுல போனா உன் பேருல்ல வரும்?”

“இல்ல அம்மச்சி. நெட் என்னோடது, மெயில் அம்மச்சியோடது. இப்ப நம்ம இந்த பஸ்ல இருக்கோம். பஸ் அம்மச்சியோடதா? இல்லல்லோ. ஆனா இறங்கி வீட்டுக்குப் போறது அம்மச்சிதானே?”

இதைவிடத் தெளிவாக இன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. பதினொரு மணி இருக்கும் அப்போது. நாலு மணி நேரம் பாக்கி இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“பஸ் டிக்கெட்டுல என் பேரா எழுதியிருக்கு?” என்று கேட்டேன்.

முன் இருக்கையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதனால் நிறுத்தாமல் இன்னொன்றும் சொன்னேன்: “கடையில மிளகு நிறுக்கிற பிள்ளைக்கு சாட்சி சொல்றதப் பத்தி என்ன தெரியும்?”

ஷீஜா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “எங்க வீட்டுக்கும் இப்படி ஒரு லிஸ்ட்ல பேர் வரத்தான் அம்மா நாலு வருஷம் நடந்தது” என்றாள், என்னிடம் இல்லாமல், வெளியே பார்த்து.

மண்வாரி வண்டி வந்து பாறையை ஓரம் தள்ளி, பேருந்து நகர்ந்தபோது பன்னிரண்டு முப்பத்தைந்து. பெரியகானல் தாண்டி ஆனையிறங்கல் அணை வந்தது. சுற்றிலும் தேயிலை, நடுவில் பச்சைத் தண்ணீர், ஒரு கரையில் யானை இறங்கிய தடம் சிவப்பாகத் தெரிந்தது. மற்ற நாளாக இருந்தால் அதைப் பற்றி மகனுக்கு ஒரு பக்கம் எழுதியிருப்பேன். ஒன்று பத்துக்குப் பூப்பாறை. ஷீஜா இறங்கும்போது, கீழே சரிந்திருந்த என் துணிப்பையை எடுத்து அவள் இருக்கையில் நேராக வைத்துவிட்டு இறங்கினாள்.

சாந்தன்பாறையிலிருந்து ஏலக்காட்டு மணம் தொடங்கிவிடும். ஈரமும் இலையும் சேர்ந்த மணம். அதை முகர்ந்ததும் வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதாக ஒரு பொய்த் தைரியம் வந்தது. உடும்பன்சோலை மேட்டில் வண்டி முனகிக்கொண்டு ஏறியது. இரண்டு இருபத்தைந்துக்கு நெடுங்கண்டம். பத்து நிமிடம் நிற்கும் என்று கண்டக்டர் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனார்.

புஷ்பம் கூப்பிட்டாள். “அக்கா, எங்க இருக்கீக?”

“நெடுங்கண்டம்.”

“அய்யோ. இன்னும் அம்புட்டுத் தூரம் இருக்கே. அங்க கம்ப்யூட்டர் சென்டர் இருக்கும்ல, எறங்கி அங்கயிருந்து அனுப்பிருங்கக்கா.”

அவள் சொல்வதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். பேருந்துக்கு நேர் எதிரே, மாடிப்படிக்கு அருகில் பலகை. உள்ளே இரண்டு பேர்தான் இருந்தார்கள். ரோட்டைத் தாண்டினால் போதும், இருபது தப்படி.

“சென்டர்ல இருந்து போனா சென்டர் பேருல போகும் புஷ்பம். அதத்தான சேக்க மாட்டேன்னாக?”

“சரிக்கா. எனக்கு என்ன தெரியும். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள்.

இந்த ஒரு வாக்கியம்தான் என்னைப் படுத்துகிறது. ஜெயசீலி என்னைக் கேலி செய்தாள், ஷீஜாவை நான் கேலி செய்தேன், அதெல்லாம் ஒரு பக்கம். புஷ்பத்துக்கு வழி தெரிந்திருந்தது. அவள் சரியாகச் சொன்னாள். என் மெயிலையும் என் கையெழுத்தையும் மதித்து, தனக்குத் தெரிந்ததை விட்டுக்கொடுத்தாள். நான் சன்னல் வழியாக அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடமும் உட்கார்ந்திருந்தேன்.

புளியன்மலை வந்தபோது மூன்று ஆக ஐந்து நிமிடம். வண்டன்மேட்டுக்கு முன்னால், ஒரு வளைவில், கண்டக்டரின் கடிகாரத்தில் மூன்று ஆனதைப் பார்த்தேன். கால் மணி, அரை மணி முன்பின் ஆனால் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று முப்பத்தைந்துக்கு அணக்கரை. ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். பேரம் பேசவில்லை.

மூன்று ஐம்பத்தைந்துக்கு வீட்டைத் திறந்து உள்ளே கால் வைத்தேன். போன் தானாகவே வீட்டு நெட்டைப் பிடித்துக்கொண்டது. நான் அனுப்பத் தட்டுவதற்கு முன்பே டிங் என்று ஒரு மெயில் வந்து விழுந்தது. மகன் எழுதியிருந்தான்: “அம்மா, மாமா வீடு அழகாக இருக்கிறது. போட்டோ எல்லாம் நேற்று மாலையே வந்துவிட்டது. இன்றைக்குத்தான் பதில் எழுத நேரம் கிடைத்தது.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. நான் இப்போதுதானே வீட்டுக்கு வந்தேன், போட்டோ எப்படி நேற்றே போகும்? அவனைக் கூப்பிட்டேன்.

“டேய், அந்தப் போட்டோ யார் பேருல வந்துச்சு?”

“ஒங்க பேர்லதாம்மா.”

“மறையூருன்னு போட்டிருக்கா? மாமா பேரு, அத்தை பேரு ஏதாச்சும்?”

“ரோசம்மாள்னு இருக்கு. வழக்கம்போல. வேற யார் பேரும்மா வரும்? ஏன், என்ன ஆச்சு?”

ஒன்றும் இல்லை என்று வைத்துவிட்டேன். ஜெயசீலி என்னைக் கேட்காமல் வைஃபை போட்ட அந்த நிமிடமே, காத்துக்கிடந்த என் மெயில் அவள் வீட்டு நெட்டில் ஏறி, என் பெயரோடு போயிருக்கிறது. காலையில் நான் கழற்று என்று கத்தியபோது, என் பேரில்தான் போகும் என்பதற்கு அத்தாட்சி என் கையிலேயே இருந்தது. நான் திறந்து பார்க்கவில்லை.

நாலு இரண்டுக்குப் புஷ்பத்தின் கடிதத்தை அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஆபீசிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். “அம்மச்சி, மெயில் கிட்டி. பக்ஷே லிஸ்ட் மூணேகாலுக்கே மேல போயி. இனி அடுத்த லிஸ்ட்ல நோக்காம்.” அடுத்ததில் பார்க்கலாம் என்றால் அது எப்போது என்றேன். மழை கழிந்து, என்றார்.

புஷ்பத்தின் வீட்டுக்கு நடந்தேன். அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். நான் வாயைத் திறந்து சொன்னது இது: “கேப் ரோட்டுல பாறை விழுந்துருச்சு புஷ்பம். ரெண்டு மணி நேரம் நிறுத்திப்புட்டான்.”

பொய் இல்லை. ஆனால் அதைப் போலப் பொய் நான் சொன்னதும் இல்லை.

“பாறை விழுந்தா நீங்க என்னக்கா செய்வீக” என்று சொல்லி அவள் எனக்குப் பால் இல்லாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். சீனி தீர்ந்துவிட்டது என்றாள். நான் பையிலிருந்து தம்பி வீட்டு வெல்லத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு சாயாவைக் குடித்தாள். “மறையூர் வெல்லம் மறையூர் வெல்லந்தான்” என்றாள். “தம்பி வீடு பெருசாக்கா? எத்தன ரூம்பு?” என்று கேட்டாள். மூன்று என்று சொன்னேன்.

மறுநாள் காலை ஏழரைக்கு மறுபடி போனேன். என் வீட்டிலிருந்து அவள் லைனுக்கு அரைக் கிலோமீட்டர். இந்தக் கட்டுரையில் நான் எழுதிய தூரங்களில் இதுதான் பெரிது. மழை பிடித்துவிட்டது. புஷ்பம் அடுப்பில் இருந்தாள், ஸ்டெல்லா தலை சீவிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஜெயசீலி கொடுத்தது, ஷீஜா கொடுத்தது, நெடுங்கண்டத்துப் பலகை, மகனுக்குப் போன போட்டோ. பாறை இல்லாவிட்டால் நேரத்துக்கு வந்திருப்பேன்தான், ஆனால் பாறைக்கு முன்னால் ஒரு தடவை, பாறைக்கு அடியிலேயே ஒரு தடவை, பாறைக்குப் பின்னால் ஒரு தடவை அனுப்பியிருக்கலாம் என்று சொன்னேன்.

புஷ்பம் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். “நான் எறங்கச் சொன்னேன்ல அக்கா?”

“சொன்ன.”

“நெடுங்கண்டத்துல?”

“ஆமா.”

அவள் ஊதுகுழலை எடுத்து மறுபடி அடுப்பை ஊதினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்தான் தாங்காமல், “இந்த மழைக்கு நீயும் ஸ்டெல்லாவும் என் வீட்டுல வந்து இருங்க. முன் ரூம்பு சும்மாதான் கெடக்கு” என்றேன்.

“ஒங்க வீட்டுலயா?” புஷ்பம் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. “ஓட்டு வீட்டுல இருக்கேன்னு எழுதிக்கிட்டுப் போனாகன்னா அடுத்த லிஸ்ட்டும் போச்சு. அப்புறம், ஒங்க வீட்டுல படுத்தா நானும் ரோசம்மாள் ஆயிருவனோ என்னமோ. யாரு கண்டா.”

ஸ்டெல்லா சீப்பை வாயில் கவ்விக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். எனக்கு உரியதுதான்.

அங்கேயே, தாழ்வாரத்து ஓரத்தில் நின்று, என் வாழ்நாளில் யாரிடமும் கேட்காததை ஸ்டெல்லாவிடம் கேட்டேன். “உன் நெட்டக் கொஞ்சம் குடு பிள்ள.”

அவள் தன் போனில் ஏதோ அழுத்தினாள். பிறகு என் போனை வாங்கி ஓர் எண்ணைத் தட்டிக் கொடுத்தாள். நான் ஒற்றை விரலால் எழுதினேன். வெகு நேரம் ஆயிற்று. ஐயா, நேற்று என் சாட்சிக் கடிதம் தாமதமாக வந்ததற்குப் புஷ்பம் காரணம் இல்லை. பாறையும் காரணம் இல்லை. காலை ஏழு மணிக்கே அனுப்ப வழி இருந்தது. அடுத்தவர் நெட்டில் போனால் அடுத்தவர் பெயரில் போகும் என்று நான் தப்பாக நினைத்துக்கொண்டேன், சொன்னவர்கள் பேச்சையும் கேட்கவில்லை. என் அறியாமைக்கு அவளுடைய வீடு போகக் கூடாது. அடுத்த பட்டியலில் அவள் பெயர் முதலில் இருக்க வேண்டும். நேரில் கூப்பிட்டாலும் வந்து சொல்கிறேன். இப்படிக்கு ரோசம்மாள். இதை முடித்து, அனுப்பு என்று இருந்த இடத்தில் தட்டினேன். உடனே போய்விட்டது.

மறையூரில் தம்பியின் புது வீட்டில் வண்ணம்கூட இன்னும் காயவில்லை. அங்கே மழையே இல்லை. இங்கே புஷ்பத்தின் தார்ப்பாய் மேல் மழை கொட்டுகிற சத்தத்தில் ஸ்டெல்லா பேசுவது சரியாகக் கேட்கவில்லை. போனை வாங்கி, போன கடிதத்தைத் திறந்து, மேலே இருந்ததை விரலால் காட்டினாள்.

“யாரு பேரு போட்டிருக்குக்கா?” என்று புஷ்பம் அடுப்படியிலிருந்து கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

“என் பேருதான்.”

“அப்பாடி. அதாச்சும் ஒங்களுக்கு மிச்சம்” என்றாள்.

பிறகு, ஒழுகுகிற இடத்தில் வைத்திருந்த பாத்திரத்தைக் காலால் கொஞ்சம் நகர்த்தி, நான் உட்கார இடம் பண்ணினாள்.